மலைக்குப் போன பழைய வழி

ஜூபிலி மலருக்கு நம் சுற்றுப்புறத்தைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினோம். பங்கின் வரலாற்றை எழுத வேறு அன்பர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தையும் கலியாணப் புத்தகத்தையும் பொறுமையாகப் புரட்டி, மங்கிப்போன லத்தீன் எழுத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெருக்கள்தாம். ஆகவே சாந்தோமிலிருந்து பரங்கிமலை வரை செல்லும் பழைய யாத்திரை வழியை ஒரு தடவை காலால் நடந்து பார்த்துவிட்டு, கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதிக் கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டோம். நம் பங்கு அந்த வழியின் நடுவில், அடையாற்றுக்குச் சற்று வடக்கே அமைந்திருப்பதால், வழியின் கதையைச் சொன்னால் நம் கதையிலும் ஒரு பகுதி வந்துவிடும் அன்றோ?

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். நாங்கள் ஐவர். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் இருவர், ரயில்வேயில் இருந்தவர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன், பிறகு பெரியம்மா. நம் பங்கில் சிறியவர் பெரியவர் யாவரும் அவரைப் பெரியம்மா என்றே அழைக்கிறோம். பெயரைப் புத்தகத்தில் போட வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். எண்பதை நெருங்கும் வயது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தவர், இப்போது பெரும்பாக்கத்தில் வசிக்கிறார். ஞாயிறு திருப்பலிக்கு இன்னும் இரண்டு பஸ் மாறி நம் கோயிலுக்கே வருகிறார். பத்து வயதில் தம் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் 18-ஆம் தேதி மலைத் திருவிழாவுக்கு இதே வழியில் நடந்தாராம். "காலில் தெம்பு இருக்கும்போதே இன்னொரு தடவை போய்விட வேண்டும், தம்பி" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததும் இந்த நடைக்கு ஒரு காரணம்.

வழி மொத்தம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அவசரமில்லை. இட்டிலிப் பொட்டலமும் புளிச்சாதமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். நிழல் கண்ட இடத்தில் உட்காருவது என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டோம்.

காலைத் திருப்பலிக்குச் சாந்தோம் பேராலயத்தில் இருந்தோம். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரமுள்ள ஆலயம் 1896-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. பஸிலிக்கா என்னும் சிறப்பு 1956-இல் கிடைத்தது. அதற்கு முன் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் அங்கே இருந்தது. அவர்கள் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவர்களும் முகமதியர்களும் இங்கே யாத்திரை வந்ததையும், தோமையார் மரித்த இடத்துச் சிவந்த மண்ணை மருந்தாக எடுத்துச் சென்றதையும் அவர் குறிப்பிடுகிறார். ஆகவே நாங்கள் நடக்கப்போகும் வழிக்கு எழுநூறு ஆண்டுகளுக்குக் குறையாத கால்தடம் உண்டு.

பாரம்பரியத்தின்படி தோமையார் சின்னமலைக் குகையில் வாழ்ந்து, மயிலாப்பூர்க் கடற்கரையில் போதித்து, பெரிய மலையில் குத்துண்டு இறந்து, சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார். யாத்திரிகன் கல்லறையில் தொடங்கி மலையில் முடிக்கிறான். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது போலத்தான். ஆனால் கடலிலிருந்து வந்தவர்களுக்கு அதுவே வசதியான வரிசை.

கச்சேரி ரோடு வழியே மேற்கே நடந்தோம். லஸ் முனைக்கு முன்னால் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடுகிறது. குறுக்கிடுகிறது என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். 1997-இல் திருமயிலை வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் நடுவிலேயே ஊன்றப்பட்டிருக்கின்றன. கீழே கறுத்த நீர் அசையாமல் கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தப் பகுதி, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் நடுங்கிச் சொன்ன 1877-78 பஞ்சத்தில், பசித்து வந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது; வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இதில் வந்து நின்றதைப் பெரியம்மா தம் கண்ணால் கண்டிருக்கிறார். சவுக்குக் கட்டைகளைப் படகிலிருந்து கரைக்கு எறியும் சத்தம் தூரத்துக்குக் கேட்குமாம். எங்கள் ரயில்வே அன்பர், "இப்போது படகுக்குப் பதில் எங்கள் ரயில்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ் முனை முழுவதும் தகரம் அடித்து மறைக்கப்பட்டிருந்தது. சுற்றிக்கொண்டுதான் போனோம்.

பிரகாச மாதா ஆலயத்தைப் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புயலில் திசை கெட்ட மாலுமிகள் ஓர் ஒளியைக் கண்டு கரை சேர்ந்தார்கள், அந்த ஒளி மறைந்த இடத்தில் கோயில் எழுப்பினார்கள் என்ற வரலாறு யாவரும் அறிந்ததே. லஸ் என்பது போர்த்துக்கீசிய மொழியில் ஒளி. கல்வெட்டில் 1516 என்ற ஆண்டு இருக்கிறது. அவ்வளவு முந்திய தேதியா என்று சரித்திரக்காரர் சிலர் ஐயுறுவதும் உண்டு. எங்களுக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றியது மக்கள் வைத்த பெயர்: காட்டுக் கோயில். இன்று அதன் வாசலில் நின்று சாலையைக் கடக்க ஐந்து நிமிஷம் காத்திருக்கும் ஒருவரிடம் இது காடாயிருந்தது என்று சொன்னால் நம்புவாரா?

மயிலாப்பூர்ப் பகுதியிலேயே இன்னொரு சிறிய கோயில் இருக்கிறது. பெரிய ஆலயங்களின் புகழில் அது மறைந்து கிடக்கிறது. டெஸ்கான்சோ கோயில் என்று பெயர். டெஸ்கான்சோ என்றால் இளைப்பாறுதல். மலைக்கும் மயிலாப்பூருக்கும் இடையே நடந்த தோமையார் இங்கே சற்று உட்கார்ந்து களைப்பாறினார் என்பது பாரம்பரியம். ஒரு பரிசுத்தர் புதுமை செய்த இடத்தில் கோயில் கட்டுவது வழக்கம். உட்கார்ந்த இடத்திலும் கட்டினார்களே என்று எண்ணிப் பார்த்தோம். கால்நடையாகவே பிழைத்த காலத்து மனிதர்களுக்குத்தான் அந்த அருமை தெரிந்திருக்கும்.

அங்கேதான் நாங்களும் இட்டிலியைப் பிரித்தோம். பெரியம்மா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். ஜெபமாலை என்று நினைத்தோம். கேட்டதற்கு, "இல்லை தம்பி, பெரும்பாக்கத்துக்குப் போன நம்ம வீடுகளை எண்ணுகிறேன். ஒன்று விட்டுப்போகிறது, யாரென்று ஞாபகம் வரவில்லை" என்றார். எங்கள் மாணவனிடம் காகிதமும் பேனாவும் இருந்தன. எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

சேமியர்ஸ் ரோடு வழியாக நந்தனம் வந்து அண்ணா சாலையை அடைந்தபோது மணி பத்து. அறிஞர் அண்ணாவின் மறைவுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கிய இச்சாலை அதற்கு முன் மவுண்ட் ரோடு. மலைக்குப் போகும் சாலை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளில்லை. கோட்டையிலிருந்து துரைமார் குதிரை வண்டியில் போனதும், பீரங்கிப் படையினர் அணிவகுத்துப் போனதும் இதே சாலையில்தான்.

இனி வாசகர் சற்று நின்று வலப்புறம் பார்க்க வேண்டும். தியாகராய நகர் என்னும் பெரும் கடைவீதி அங்கே இருக்கிறது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் துணி எடுக்க நாம் இடிபடுகிற இடம். நூறு ஆண்டுகளுக்கு முன் அது ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை பிறை போல வளைந்து கிடந்த நீண்ட ஏரி அது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. ஆங்கிலேயர் இரண்டையும் சேர்த்து நீண்ட ஏரி என்றே அழைத்து, அதில் படகுப் பந்தயமும் விட்டார்கள். மவுண்ட் ரோடு அதன் கிழக்குப் பக்கமாகவே சென்றது. யாத்திரை போனவர்களுக்கு ஒரு பக்கம் தண்ணீரும் தண்ணீர்க் காற்றுமாக இருந்திருக்கும்.

1920-களில் நகரத்தில் வீடு போதவில்லை. ஏரியை உடைத்து நீரை வடித்து மாம்பலத்தில் மனைகள் போட்டார்கள். நீதிக் கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயர் நகருக்கு வந்தது. முதல் மந்திரியாயிருந்த பனகல் ராஜாவின் பெயர் நடுவிலுள்ள பூங்காவுக்கு வந்தது. வடக்கே ஏரிக்கரையில் சேசு சபையார் 1925-இல் லயோலா கல்லூரியைத் தொடங்கினார்கள். நுங்கம்பாக்கத்து ஏரிப் படுகையில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரி போய்விட்டது, பெயர்கள் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் சாலை என்று பொருள். பார்ப்பதற்கு அங்கே ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்டு ரோடு இருக்கிறது. அது ஏரிக்கரைச் சாலை. கரையும் இல்லை.

வீடு கட்டியதைக் குறை சொல்ல நாங்கள் யார்? எங்கள் ஐவரில் ஒருவருடைய தகப்பனாரே அந்த மனை ஒன்றில்தான் வாடகைக்குக் குடியிருந்தார். ஆனால் மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது என்பதை மாம்பலத்தில் இருப்பவர்கள் எல்லாரும் முழங்காலளவு அறிந்திருக்கிறார்கள்.

சைதாப்பேட்டைக்கு வந்தால் நம் ஊருக்கே வந்தது போல. நெசவாளர் தெருக்களும் சந்தையும் இருந்த பேட்டை இது. இங்கே அரசாங்கம் ஒரு மாதிரி விவசாயப் பண்ணையை வைத்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பண்ணையில் 1876-இல் விவசாயப் பள்ளி ஏற்பட்டது. 1906-இல் அது கோயம்புத்தூருக்குப் போய், பிற்காலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. ஏர் ஓட்டக் கற்றுக் கொடுத்த நிலத்தில் இன்று பூந்தொட்டி வைக்க இடமில்லை.

நம் கோயிலைக் கடந்தபோது நண்பகல் மணி அடித்தது. உள்ளே நுழைந்து சற்று முழந்தாளிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தோம்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்வரை இந்த இடத்தில் பாலம் கிடையாது. ஆற்றில் நீர் குறைவாயிருந்தால் இறங்கிக் கடக்கலாம். மழைக்காலத்தில் யாத்திரிகர் கரையில் காத்துக் கிடக்க வேண்டும். மலைத் திருவிழாவோ டிசம்பரில் வருகிறது. அடையாறு பெருகும் காலமும் அதுதான். பாரசீக தேசத்து ஜுல்பா என்ற ஊரிலிருந்து வந்து, மணிலா வரை வியாபாரம் செய்து, 1720-களில் சென்னையில் குடியேறிய கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வர்த்தகர் இந்தக் கஷ்டத்தைக் கண்டார். 1726-இல் தம் சொந்தப் பணத்தில் ஆற்றின் குறுக்கே கல்வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார். மாம்பலம் என்ற பெயர் அந்நியர் வாயில் மர்மலாங்கு என்று திரிந்து, அதுவே பாலத்தின் பெயரும் ஆயிற்று. பாலத்துக்கு 30,000 வராகன் செலவு. அதோடு நிறுத்தினாரா? பாலத்தைப் பழுது பார்க்க 1,500 வராகனைத் தனியாக முதலீடு செய்து வைத்தார். மலைமேல் ஏறும் படிக்கட்டும் அவர் கட்டியதே.

கட்டிக் கொடுப்பவர்கள் உலகில் உண்டு. கட்டியதைப் பராமரிக்கவும் பணம் வைத்துப் போகிறவர்கள் அபூர்வம். நம் கோயில் மணிக்கூண்டுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பது என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் நடக்கும் விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியும்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது உஸ்கானைத் தங்கள் பக்கம் அழைத்தார்கள். அவர் மறுத்தார், சொத்துக்களைப் பறிகொடுத்தார். 1751-இல் இங்கேயே காலமாகி வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். இருதயத்தை மட்டும் எடுத்துத் தாம் பிறந்த ஜுல்பாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார், அப்படியே செய்தார்கள். இதைக் கேட்டுப் பெரியம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பிறந்த ஊர் விட்டுப் போகாது, தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அவர் கட்டிய பாலம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மக்களைச் சுமந்தது. 1966-இல் புதிய அகலமான பாலம் வந்தது. மறைமலை அடிகள் பாலம் என்று பெயர் சூட்டினார்கள். பழைய பாலத்தில் லத்தீன், ஆர்மேனியம், பாரசீகம் ஆகிய மொழிகளில் பொறித்த நினைவுக் கல் மட்டும் தப்பிப் பிழைத்தது. பெரியம்மா நடந்தது பழைய பாலத்தின் மீது. வளைவுகளின் கீழே மணல் திட்டுகள் இருக்குமென்றும், கோடையில் அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்த பிறகு குடத்தில் மொண்டு வருவார்களென்றும் சொன்னார். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நாங்கள் எல்லாரும் கீழே பார்த்தோம். குடிநீருக்கு மணலில் தோண்டிய ஆறு என்று நம்புவதற்குப் பெரியம்மா பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை நம் பங்கில் யாரும் மறக்கவில்லை. பல நாள் மழைக்குப் பின் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது; வழியில் சேர்ந்த வெள்ளமும் கலந்துகொண்டது. ஆறு இந்தப் பாலத்தையே எட்டிவிட, போக்குவரத்து நின்றது. கரையோரத்து வீடுகளில் நீர் கூரை வரை ஏறியது. நம் கோயில் மண்டபத்தில் படுக்க இடமில்லாமல் பீடத்தின் படி வரை மக்கள் படுத்திருந்தார்கள், இந்து, முகமதியர், கிறிஸ்தவர் என்று கேட்பாரில்லை. பெரியம்மாவின் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி போயிற்று. அதில் அவருடைய கலியாணப் புடவையும், தாய் தகப்பனாரின் ஒரே புகைப்படமும், மலைத் திருவிழாவில் வாங்கிய ஒரு கண்ணாடிச் சுரூபமும் இருந்தன. பாத்திரம் பண்டமெல்லாம் போனதைப் பற்றி அவர் பேசுவதேயில்லை. அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுவார்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆற்றங்கரைக் குடிசைகளும் வீடுகளும் அகற்றப்பட்டன. அங்கிருந்தவர்களுக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்கு மாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்தார்கள். நம் பங்கின் ஆற்றங்கரை வட்டாரம் முழுவதுமே அப்படிப் போய்விட்டது. வெள்ளம் வராத வீடு கிடைத்தது என்று நன்றி சொல்வோரும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். வேலைக்கும் பள்ளிக்கும் இவ்வளவு தூரம் வர முடியாமல் வேலையையும் படிப்பையும் விட்டவர்களும் உண்டு. ஆற்றுக்கு இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் ஏரியைத் தூர்த்து மனை போட்டவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வடிய இடமில்லாமல் வந்த நீர் யார் வீட்டில் புகுந்ததோ அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். இதை எழுதலாமா என்று எங்களுக்குள் பேசினோம். எழுதத்தான் வேண்டும் என்று ஆசிரியர் இருவரும் சொன்னார்கள்.

பாலத்தைத் தாண்டினால் சின்னமலை. போர்த்துக்கீசியர் 1551-இல் கட்டிய சிறு கோயிலும் குகையும், 1971-இல் எழுப்பிய வட்டமான பெரிய ஆலயமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் வரும் மெட்ரோ ரயில் இந்தப் பக்கத்தில்தான் பூமிக்கு மேலே ஏறுகிறது. தோமையார் ஒளிந்திருந்த குகையும் ரயில் ஒளிந்து வரும் குகையும் அருகருகே என்று எங்கள் மாணவன் சொன்னான். புளிச்சாதம் அங்கே முடிந்தது. ஒரு மணி நேரம் மர நிழலில் கண்ணயர்ந்தோம்.

கிண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறோம். வலப்பக்கம் 1958-இல் ஏற்பட்ட தொழிற்பேட்டை. இடப்பக்கம் கவர்னர் மாளிகையும், 1978-இல் தேசியப் பூங்காவான மான் காடும், குதிரைப் பந்தய மைதானமும். பந்தயம் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வந்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டு, மழை வெள்ளத்தைத் தேக்கி வைக்க அங்கே குளங்கள் வெட்டத் தொடங்கியது. ஏரியைத் தூர்த்து நூறு ஆண்டு கழித்து அதே நகரத்தில் குளம் வெட்டுகிறார்கள்.

கத்திப்பாரா சந்திப்பில்தான் எங்கள் நடை தோற்றது. 2008-இல் திறந்த மேம்பாலம் வானத்திலிருந்து பார்த்தால் பூப்போல இருக்கிறதென்று படங்களில் கண்டிருக்கிறோம். தரையில் நடக்கிறவனுக்கு அந்தப் பூவில் எந்த இதழ் வழியாகப் போவது என்று விளங்கவில்லை. எழுநூறு வருஷம் மனிதர் நடந்த வழியில் மனிதர் நடக்க வழி தேடிக் கால் மணி நேரம் திரிந்தோம். கடைசியில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர், பெரியம்மாவைப் பார்த்து மனமிரங்கி, வண்டிகளை நிறுத்தி எங்களை அழைத்துக்கொண்டு போய் விட்டார். அவருக்கு எங்கள் நன்றி.

மலையடிவாரத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மலை சுமார் 300 அடி உயரம். உஸ்கான் கட்டிய படிகள் நூற்று முப்பதுக்கு மேல் இருக்கின்றன. பக்கத்தில் சிலுவைப் பாதை நிலைகள். மேலே போவதற்கு வண்டிப் பாதையும் உண்டு. ஆட்டோ வைத்துத் தருகிறோம் என்று சொன்னோம். பெரியம்மா பதினைந்து படி ஏறி, நின்று, இன்னும் பத்து ஏறி, உட்கார்ந்துவிட்டார். "அப்பா என்னை இங்கிருந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார்" என்றார். பிறகு தாமாகவே இறங்கி ஆட்டோவில் ஏறிக்கொண்டார். மாணவன் அவரோடு போனான்.

மேலேயுள்ள ஆலயம் 1523-இல் தோன்றியது. 1547-இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது; சுற்றிலும் பஹ்லவி எழுத்துக்கள். 1558 முதல் 1704 வரை பலமுறை அதில் இரத்த வேர்வை துளிர்த்ததாகப் பாரம்பரியம் கூறும். அந்த நாளையொட்டியே டிசம்பர் 18 திருவிழா. 1986 பிப்ரவரி 5-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இம்மலைக்கு வந்தபோது கூட்டத்தில் நின்றதையும் பெரியம்மா சொன்னார்.

ஆலயத்தை விட்டு வெளியே வந்து மதிலோரம் நின்றோம். கீழே தென்மேற்கில் மீனம்பாக்கத்து விமானங்கள் தும்பி போல இறங்கிக்கொண்டிருந்தன. இந்த மலைக்கு இன்னொரு பெருமை உண்டு. இந்தியா முழுவதையும் அளந்து படம் வரைந்த மாபெரும் நில அளவைக்கு முதல் கோடு போட்டது இங்கிருந்துதான். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் தரையில் வைத்து வைத்து அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாட்கள் ஆயின. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெருகிய அளவைதான் பிற்காலத்தில் இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை சென்றது. கோட்டின் வடக்கு முனை இந்தப் பரங்கிமலை. தெற்கு முனை எது தெரியுமா? பெரும்பாக்கத்துக் குன்று.

இதை எங்கள் ஆசிரியர் அன்பர் சொல்லி முடித்ததும் பெரியம்மா தெற்கே திரும்பிக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அளந்தவர்களுக்கு அன்று தட்டையான வெற்றுச் சமவெளி வசதியாயிருந்தது. இன்று கட்டடமும் புகைமூட்டமுமாகத் தெரிந்தது. "எங்க பிளாக்கு தெரிகிறதா, பார்" என்று மாணவனைக் கேட்டார். தெரியவில்லை. "எவ்வளவு தூரம் என்றீர்கள்?" "ஏழரை மைல், பெரியம்மா. பன்னிரண்டு கிலோமீட்டர்." "இன்றைக்கு நடந்ததும் அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் என்றோம். "பின்னே ஏன் தம்பி, கோயிலிலிருந்து யாருமே அங்கே வருவதில்லை?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அவரைப் பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட இரண்டு பேர் கூடவே போனோம். பஸ் வேளச்சேரி தாண்டியபோது டெஸ்கான்சோவில் விட்டுப்போன வீடு யாருடையது என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காகிதத்தை வாங்கி, ஆட்டத்தில் எழுத முடியாமல் எங்களிடமே திருப்பிக் கொடுத்து, பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டோம். பட்டியலை மறுநாள் பங்குத்தந்தை அவர்களிடம் ஒப்படைத்தோம். ஜூபிலி அழைப்பிதழ் அந்த எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும் என்று மலர்க் குழுவிலும் சொல்லி வைத்தோம். தபாலில் அனுப்பலாம் என்றார்கள். வேண்டாம், நாங்களே கொண்டு போய்க் கொடுக்கிறோம் என்று வாங்கி வைத்திருக்கிறோம்.